ஆன்டிபயாடிக் மாத்திரையையும் அமில நீக்கியையும் ஏன் ஒன்றாக விழுங்கக் கூடாது?

சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. எழுதித் தருகிறார்: காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாத்திரை வயிற்றை எரிக்கிறது என்று, வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் அமில நீக்கி சிரப்பில் இரண்டு மூடி குடித்துவிட்டு, அதன் மேலேயே மாத்திரையையும் விழுங்குகிறோம். மருந்து போலியில்லை, அளவில் பிழையில்லை, ஒரு வேளைகூடத் தவறவில்லை. இருந்தும் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் மருந்து, சேர வேண்டிய அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடக்கூடும். மீதி எங்கே போயிற்று? அது கெட்டுப்போகவுமில்லை, சிதைந்துபோகவுமில்லை. குடலுக்குள் வேறொன்றின் பிடியில் சிக்கி, ரத்தத்துக்குள் நுழைய வழியின்றி, மலத்தோடு வெளியேறிவிட்டது.

மருந்தாளுநராகக் கடை மேசைக்குப் பின்னால் நின்ற ஆண்டுகளில் நான் மிக அதிகமாகச் சொல்ல நேர்ந்த எச்சரிக்கை இதுதான். மிக எளிதாக மறக்கப்பட்ட எச்சரிக்கையும் இதுதான். “ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க” என்று மட்டும் சொன்னால் அது மனத்தில் நிற்பதில்லை. காரணம் தெரிந்துவிட்டால் நிற்கிறது. ஆகவே காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் விழுங்கும் மாத்திரை முதலில் இரைப்பையில் கரைகிறது. கரைந்த மருந்து சிறுகுடலுக்கு நகர்ந்து, அதன் சுவரைக் கடந்து ரத்தத்தில் கலந்தால்தான் அது மருந்தாக வேலை செய்யத் தொடங்குகிறது. சிப்ரோஃப்ளாக்சசினைப் பொறுத்தவரை இந்தக் கடத்தல் பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. விழுங்கிய ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுகிறது. இந்த நேரக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். குடலுக்குள் இருக்கும்வரை மருந்து இன்னும் உடலுக்கு வெளியே இருப்பதாகவே கருத வேண்டும். கதவருகே வந்து நிற்பதும் உள்ளே நுழைவதும் ஒன்றல்ல.

அமில நீக்கியின் வேலை வேறு. அது ரத்தத்துக்குப் போகவே வேண்டியதில்லை. இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அங்கேயே சந்தித்து, அதன் புளிப்பை முறித்துவிட்டால் போதும். நம் கடைகளில் கிடைக்கும் ஜெலுசில், டைஜீன் போன்றவற்றின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு என்ற இரு பெயர்களைப் பெரும்பாலும் காணலாம். வேறு சில மாத்திரைகளில் கால்சியம் கார்பனேட் இருக்கும். இவை அமிலத்தோடு வினைபுரியும்போது அமிலம் முறிகிறது, நெஞ்செரிச்சல் தணிகிறது, புளியேப்பம் அடங்குகிறது. ஆனால் அதே வினையில் இன்னொன்றும் நடக்கிறது: அலுமினியமும் மெக்னீசியமும் கால்சியமும் அயனிகளாகப் பிரிந்து, இரைப்பைச் சாற்றில் தளையற்று உலவத் தொடங்குகின்றன. சிக்கல் முழுவதும் இந்த உலோக அயனிகளிடம்தான் இருக்கிறது.

நண்டின் கொடுக்கு

சிப்ரோஃப்ளாக்சசின் மூலக்கூற்றின் ஒரு விளிம்பில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் அருகருகே, ஒரே பக்கம் பார்த்தபடி அமைந்திருக்கின்றன. ஒன்று கீட்டோன் தொகுதிக்கு உரியது, மற்றது கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிக்கு உரியது. இரண்டும் எலெக்ட்ரான்கள் மிகுந்தவை. நேர்மின் சுமை கொண்ட எதையும் தம்மிடம் ஈர்க்கக்கூடியவை. அலுமினியம் அயனி மூன்று நேர்மின் சுமை கொண்டது, மெக்னீசியமும் கால்சியமும் இரண்டு. அப்படி ஓர் அயனி அருகில் வந்தால் இந்த இரண்டு ஆக்சிஜன்களும் இரு பக்கத்திலிருந்தும் அதைக் கவ்விக்கொள்கின்றன. பள்ளி வேதியியல் பாடத்தில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். நண்டு தன் கொடுக்கால் இரையைப் பிடிப்பதைப் போன்ற பிடி என்பதால் வந்த பெயர். மிகப் பொருத்தமான பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் நண்டு பிடித்தால் எளிதில் விடாது என்பதை வயலிலும் கடற்கரையிலும் கை வைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஓர் அயனியை ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் கவ்வவும் முடியும். அப்போது உருவாகும் கூட்டுப்பொருள் பெரியது, மின்சுமை ஏறியது, குடல் நீரில் நன்றாகக் கரையாதது. குடல் சுவரோ கொழுப்புத் தன்மை கொண்ட மெல்லிய படலம். சிறிய, மின்சுமையற்ற மூலக்கூறுகளே அதை எளிதில் கடந்து செல்லும். உலோகத்தைப் பிடித்தபடி நிற்கும் சிப்ரோஃப்ளாக்சசின் அந்தப் படலத்தின் முன்னால் நின்றுவிடுகிறது. வயிற்றுக்குள் போனது உண்மை; உடலுக்குள் போகவில்லை.

இதில் எண்ணிக்கையும் நமக்கு எதிராகவே இருக்கிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. சிரப்பில் அலுமினியம் ஹைட்ராக்சைடு 250 மி.கி., மெக்னீசியம் ஹைட்ராக்சைடு 250 மி.கி. இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு தேக்கரண்டி குடித்தால் ஒவ்வொன்றிலும் 500 மி.கி. உள்ளே போகிறது. சிப்ரோஃப்ளாக்சசினும் அதே 500 மி.கி.தான். ஆனால் எடை சமம் என்பதால் எண்ணிக்கை சமம் ஆகிவிடாது. சிப்ரோஃப்ளாக்சசின் மூலக்கூறு கனமானது, அதன் மூலக்கூறு எடை சுமார் 331. அலுமினியம் ஹைட்ராக்சைடுக்கு 78, மெக்னீசியம் ஹைட்ராக்சைடுக்கு 58. வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மருந்து மூலக்கூற்றுக்கும் நான்கு அலுமினிய அணுக்களும் ஐந்தாறு மெக்னீசிய அணுக்களும் உள்ளே போயிருக்கின்றன. அவை அனைத்தும் கரைந்து அயனியாக மாறுவதில்லை என்றாலும், ஒருவருக்குப் பத்துப் பேர் என்ற கூட்டத்தில் மருந்து தப்பித்துப் போவது கடினம். “ரெண்டு மூடிதானே குடிச்சேன்” என்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

எல்லா உலோகங்களின் பிடியும் ஒரே வலிமையுடையதல்ல. அலுமினியமும் இரும்பும் இறுக்கமாகப் பிணைகின்றன, மெக்னீசியம் அடுத்தது, கால்சியம் சற்றுத் தளர்வு. அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில நீக்கியை உடன் எடுத்துக்கொண்டால் சிப்ரோஃப்ளாக்சசின் உறிஞ்சப்படுவது ஏறக்குறைய 85 விழுக்காடு குறைகிறது. கால்சியம் கார்பனேட்டை உடன் எடுத்தால் குறைவு 40 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. நாற்பது என்பதும் சிறிய இழப்பல்ல. ஐந்து நாள் மருந்தில் இரண்டு நாள் மருந்தைக் குப்பையில் போட்டதற்குச் சமம்.

முதலில் இது எப்படித் தெரிய வந்தது

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் குடும்பத்தின் முதல் மருந்து சந்தைக்கு வந்த சில காலத்திலேயே தலைகாட்டிவிட்டது. அந்த முதல் மருந்தான ஆரியோமைசினை அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் பெஞ்சமின் டகர் கண்டறிந்து 1948இல் வெளியிட்டார். மிசூரியின் மண்ணிலிருந்து கிடைத்த, பொன்னிறம் காட்டிய ஒரு நுண்ணுயிர்தான் அதன் மூலம். அந்த ஆய்வகத்தின் ஆய்வுகளுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே 1948ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார். தாம் வழிநடத்திய ஆய்வில் பிறந்த மருந்து உலகெங்கும் எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை அவர் முழுமையாகப் பார்க்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

ஆரியோமைசின் நோயாளிகளுக்குக் குமட்டலையும் வாந்தியையும் தந்தது. மருத்துவர்கள் அதைத் தணிக்க, நல்லெண்ணத்தோடு, அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழை உடன் கொடுத்தார்கள். குமட்டல் தணிந்தது. ஆனால் ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்தபோது அது வெகுவாகக் குறைந்திருந்தது. இந்தச் செய்தி 1950இலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. வயிற்றைக் காப்பதற்காகக் கொடுத்தது மருந்தையே தடுத்துவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வீடுகளில் அதே காட்சி, அதே நல்லெண்ணத்தோடு, தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது.

டெட்ராசைக்ளினுக்கு உலோகங்களின் மேலுள்ள இந்தப் பிடிப்பை உடலின் வேறோர் இடத்தில் கண்ணாலேயே காணலாம். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் டெட்ராசைக்ளினைத் தவிர்ப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், வளர்ந்துகொண்டிருக்கும் பற்களிலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தை அது பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவதுதான். பின்னாளில் அந்தப் பற்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறி, எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காமல் இருக்கும். பல்லில் பிடித்த அதே கொடுக்குத்தான் வயிற்றிலும் பிடிக்கிறது.

எது முன்னால், எது பின்னால்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள் என்பேன். இடைவெளி விட வேண்டும் என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் முன்னால் விடும் இடைவெளியும் பின்னால் விடும் இடைவெளியும் ஒன்றல்ல என்பதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

1989இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாயிருந்த தன்னார்வலர்களுக்கு அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த அமில நீக்கியை வெவ்வேறு நேரங்களில் கொடுத்து, சிப்ரோஃப்ளாக்சசின் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். மாத்திரைக்குச் சில நிமிடம் முன்பு அமில நீக்கியைக் குடித்தபோது, வழக்கமாகச் சேர வேண்டியதில் சுமார் 15 விழுக்காடுதான் ரத்தத்தில் சேர்ந்தது. சரி, இரண்டு மணி நேரம் முன்பே குடித்துவிட்டால்? அப்போதும் ஏறக்குறைய 23 விழுக்காடுதான். நான்கு மணி நேரம் முன்பு என்றால் 70. ஆறு மணி நேரம் ஆன பிறகே பாதிப்பு மறைந்தது. ஆனால் வரிசையை மாற்றி, மாத்திரையை முதலில் விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்து அமில நீக்கியைக் குடித்தபோது எந்த இழப்பும் இல்லை.

அதே இரண்டு மணி நேரம். ஒரு திசையில் முக்கால் பங்குக்கு மேல் இழப்பு, மறு திசையில் இழப்பே இல்லை. ஏன்? மேலே சொன்ன நேரக் கணக்கில் விடை இருக்கிறது. மாத்திரை முதலில் போனால், இரண்டு மணி நேரத்துக்குள் அதன் பெரும்பகுதி குடல் சுவரைக் கடந்து ரத்தத்துக்குப் போய்விடுகிறது. பிறகு வரும் அலுமினியத்துக்குப் பிடிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. அமில நீக்கி முதலில் போனால் கதை வேறு. அதன் உலோகங்கள் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. அவை இரைப்பையிலும் குடலிலுமே பல மணி நேரம் தங்கி, மெல்ல நகர்ந்து, பிற்பாடு வரும் மருந்துக்கு வழியெங்கும் காத்திருக்கின்றன. அவை முழுவதும் கடந்து போகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பந்திக்கு முந்த வேண்டியது எது என்று கேட்டால், ஆன்டிபயாடிக்தான்.

இதன்படியே சிப்ரோஃப்ளாக்சசினை அமில நீக்கிக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பு சொல்கிறது. அதே குடும்பத்து மாக்ஸிஃப்ளாக்சசினுக்கு இடைவெளி இன்னும் நீளம்: நான்கு மணி நேரம் முன், எட்டு மணி நேரம் பின். லீவோஃப்ளாக்சசினுக்கு இருபுறமும் இரண்டு மணி நேரம் போதும். ஒரே குடும்பமாயினும் ஒன்றுக்குச் சொன்ன நேரத்தை மற்றொன்றுக்குப் பொருத்திவிட முடியாது என்பதால், மருந்து வாங்கும்போதே கடையில் கேட்டுவிடுவது நல்லது.

உலோகம் ஒளிந்திருக்கும் இடங்கள்

அமில நீக்கியை மட்டும் விலக்கிவிட்டால் ஆயிற்று என்று எண்ணக் கூடாது. வயிற்றுப் புண்ணுக்காகத் தரப்படும் சுக்ரால்ஃபேட் சிரப் அமில நீக்கியல்ல. ஆனால் அதுவும் அலுமினியச் சேர்மம்தான், அதிலும் புண்ணின் மேல் படிந்து அங்கேயே ஒட்டிக்கொள்வதற்காகவே உருவாக்கப்பட்டது. அதன் பாதிப்பு அமில நீக்கிக்குச் சற்றும் குறைந்ததல்ல. ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரை, மூட்டு வலிக்கார முதியவர்கள் அன்றாடம் போடும் கால்சியம் மாத்திரை, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் துத்தநாக மாத்திரை, துத்தநாகமும் மெக்னீசியமும் சேர்ந்த சத்து மாத்திரை என எல்லாவற்றுக்கும் இதே விதி. ஆன்டிபயாடிக் எழுதும்போது உடல் சோர்வுக்கென்று ஒரு சத்து மாத்திரையையும் சேர்த்து எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. இரண்டும் ஒரே காகித உறைக்குள் வந்து, ஒரே கைப்பிடியில் வாய்க்குள் போய்விடுகின்றன. தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்சின் மாத்திரையும் இதே உலோகங்களால் பாதிக்கப்படுவது என்பதால், அதை எடுத்துக்கொள்வோரும் இந்தப் பட்டியலை நினைவில் வைத்திருக்கலாம்.

பாலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் உடம்புச் சூட்டைக் கிளப்பிவிடும், பாலோ மோரோ குடித்தால் சமமாகும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றியது. பாட்டிமார் மாத்திரையோடு பால் தம்ளரையும் நீட்டுவது அன்பால்தான். ஆனால் வெறும் பாலோடோ தயிரோடோ சிப்ரோஃப்ளாக்சசினை விழுங்கினால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உறிஞ்சப்படாமல் போகிறது. பழைய டெட்ராசைக்ளினுக்கு இழப்பு பாதியையும் தாண்டும். முழுச் சாப்பாட்டின் பகுதியாகச் சேரும் சிறிதளவு தயிர் சிப்ரோஃப்ளாக்சசினைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, பாலை இரண்டு மணி நேரம் கழித்துக் குடித்தால் அன்பும் கெடாது, மருந்தும் கெடாது.

சோடா உப்பு கலந்த பொடிகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஈனோ போன்றவற்றில் இருப்பது சோடியம் பைகார்பனேட். சோடியம் அயனிக்கு ஒரே ஒரு நேர்மின் சுமைதான் என்பதால் அது இந்தக் கொடுக்குக்குள் சிக்குவதில்லை. அதற்காக அது எல்லார்க்கும் ஏற்றதாகிவிடாது: ரத்தக்கொதிப்பு, இதயநோய் உள்ளவர்களுக்குச் சோடியம் கூடுவது நல்லதல்ல, மேலும் அது சிறுநீரைக் காரத்தன்மை கொண்டதாக மாற்றக்கூடியது, சிப்ரோஃப்ளாக்சசின் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய நிலை அது, ஏனென்றால் காரச் சிறுநீரில் அந்த மருந்து படிகமாக உறையும் வாய்ப்பு உண்டு.

அமிலம் இருந்தால்தான் கரையும் மருந்துகள்

இதுவரை சொன்னது உலோகத்தின் பிடி. முற்றிலும் வேறான இன்னொரு வழியும் இருக்கிறது. செஃபுராக்சிம், செஃப்போடாக்சிம் என்ற மாத்திரைகள் கரைந்து உறிஞ்சப்படுவதற்கு இரைப்பையின் புளிப்பே துணை நிற்கிறது. அமிலம் முறிக்கப்பட்டால் அவை சரியாகக் கரைவதில்லை. செஃப்போடாக்சிம் உறிஞ்சப்படுவது ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகிறது. இங்கே உலோகம் காரணமில்லை என்பதால், அமிலச் சுரப்பையே குறைக்கும் பேன்டோபிரசோல், ஒமெபிரசோல், ஃபமோடிடின் போன்ற ‘கேஸ் மாத்திரை’களும் அதே தீங்கைச் செய்யும். ஆனால் அதே மாத்திரைகளில் உலோகம் இல்லாததால் சிப்ரோஃப்ளாக்சசினை அவை குறிப்பிடத்தக்க அளவு பாதிப்பதில்லை. ஒரே நெஞ்செரிச்சலுக்கு இரண்டு மருந்துகள். எந்த ஆன்டிபயாடிக்கோடு சேர்கின்றன என்பதைப் பொறுத்து ஒன்று தீங்காகிறது, மற்றது தீங்கற்றதாகிறது.

செஃப்டினிர் என்ற மருந்துக்கு அமில நீக்கியும் ஆகாது, இரும்பும் ஆகாது. இரும்போடு சேர்ந்தால் மலம் செந்நிறமாகிவிடும். ரத்தம் என்று பெற்றோர் பதறிப்போவார்கள். அது ரத்தமல்ல, உறிஞ்சப்படாமல் இரும்போடு பிணைந்து வெளியேறும் மருந்தின் நிறம். அமில நீக்கியோடு சேர்ந்தாலும் அசித்ரோமைசின் ரத்தத்தில் சேரும் மொத்த அளவு குறைவதில்லை, அதன் உச்ச அளவு மட்டும் தாழ்கிறது. இருந்தாலும் இரண்டையும் ஒன்றாக விழுங்க வேண்டாம் என்பதே குறிப்பு. காசநோய்க்கான ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் அமில நீக்கிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே எடுத்துவிட வேண்டும். ஆறு மாதம் தொடர வேண்டிய சிகிச்சை அது, வயிற்று எரிச்சலும் அதில் சாதாரணம் என்பதால், இந்தச் சிறு ஒழுங்கு அங்கே மிகவும் முக்கியமாகிறது. அமாக்சிசிலினுக்கு இந்தத் தொல்லை குறிப்பிடத்தக்க அளவில் இல்லை.

டாக்ஸிசைக்ளின் விரிக்கும் வலை

டெட்ராசைக்ளின் குடும்பத்தில் இன்று அதிகம் வழக்கில் இருப்பது டாக்ஸிசைக்ளின். தமிழ்நாட்டில் உண்ணிக்காய்ச்சல் என்றழைக்கப்படும் ஸ்க்ரப் டைஃபஸுக்கு அதுவே முதன்மை மருந்து, எலிக்காய்ச்சலுக்கும் தரப்படுகிறது. பாலால் அது இழப்பது பழைய டெட்ராசைக்ளினை விடக் குறைவு. ஆனால் அலுமினியத்துக்கும் இரும்புக்கும் அது நன்றாகவே அகப்படும். உறிஞ்சப்பட்ட டாக்ஸிசைக்ளினில் ஒரு பகுதி மீண்டும் குடலுக்குள் சுரந்து, திரும்பவும் உறிஞ்சப்படும் வழக்கமுடையது. அந்தச் சுற்றிலும் உலோகம் குறுக்கே நின்று பிடித்துக்கொள்ளும். அதனால் இந்த மருந்து எடுக்கும் நாள்களில் அமில நீக்கியை அறவே தவிர்க்க முடிந்தால் அதுவே சிறப்பு.

வலை என்று ஏன் சொன்னேன் என்றால், டாக்ஸிசைக்ளின் தானே நெஞ்செரிச்சலை உண்டாக்கும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்துக்கொண்டால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டி நின்று, அங்கே கரைந்து, புண்ணாக்கிவிடும். மறுநாள் விழுங்கினாலே வலிக்கும். வலிக்கிறது என்று நோயாளி அமில நீக்கியைத் தேடுவார், அமில நீக்கி மருந்தைப் பிடித்துக்கொள்ளும், காய்ச்சல் இறங்காது. இந்தச் சங்கிலியை அதன் முதல் கண்ணியிலேயே அறுத்துவிடலாம்: நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு, சாப்பாட்டுக்குப் பின் விழுங்கி, அடுத்த அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். எரிச்சலே வராவிட்டால் அமில நீக்கிக்கு வேலையில்லை.

“நான் எப்பவும் சேர்த்துத்தான் சாப்பிடுறேன், குணமாகத்தானே செய்யுது” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. சிப்ரோஃப்ளாக்சசின் சிறுநீரில் மிக அடர்த்தியாகச் சேரும் மருந்து. எனவே ரத்தத்தில் அளவு குறைந்தாலும், சிறுநீர்ப்பையோடு நிற்கும் லேசான தொற்று அடங்கிவிடக்கூடும். அதே தொற்று சிறுநீரகத்துக்கோ புராஸ்டேட் சுரப்பிக்கோ ஏறிவிட்டால், அல்லது எலும்பில் தொற்று என்றால், அந்தத் திசுக்களுக்குள் போதிய அளவு மருந்து போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்சச் செறிவு என்று ஒன்று உண்டு. அதற்கு மேல் மருந்து எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ அவ்வளவு விரைவாக இந்தக் குடும்பத்து மருந்துகள் கிருமியைக் கொல்லும். அந்தக் கோட்டை ஒட்டியே மருந்து தத்தளித்தால், பலவீனமான கிருமிகள் மட்டும் மடிந்து, சற்றே தாங்கும் ஆற்றல் பெற்றவை பிழைத்துப் பெருகும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரான எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் இப்படிப் படிப்படியாகவே ஏறுகிறது. ஒவ்வொரு அரைகுறை வேளையும் அந்தப் படியில் ஒரு கல்லை வைக்கிறது.

தெரியாமல் ஒரு வேளை சேர்த்து விழுங்கிவிட்டால் பதற வேண்டாம். ஈடுகட்டுவதற்காக உடனே இன்னொரு மாத்திரையைப் போடவும் வேண்டாம். அடுத்த வேளையிலிருந்து இடைவெளியைச் சரியாகக் கடைப்பிடிக்கலாம். பல நாள் அப்படிச் செய்திருந்தாலோ காய்ச்சல் குறையாமல் இருந்தாலோ, மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி அவர் இன்னும் கடுமையான மருந்துக்கு மாற்றிவிட நேரும்; உண்மையில் பழைய மருந்து வேலை செய்ய வாய்ப்பே பெற்றிருக்காது.

ஒருமுறை அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் சிப்ரோஃப்ளாக்சசின் சீட்டோடு வந்தார். பையில் ஏற்கெனவே ஒரு பாட்டில் அமில நீக்கி இருந்தது.

“எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கிட்டா என்ன தம்பி? வயித்துக்குள்ள எல்லாம் ஒண்ணாத்தானே போகுது?”

“அதுதாம்மா பிரச்சனையே. ஒண்ணா போனா ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும்.”

காகித உறையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். மாத்திரை காலை 7, இரவு 7. அதற்கு இரண்டு மணி நேரம் கழித்து, அதாவது காலை 9 மணிக்கு மேல் சிரப் குடிக்கலாம். ஆனால் இரவு 7 மணி மாத்திரைக்கு ஆறு மணி நேரம் முன்பே, அதாவது பிற்பகல் 1 மணிக்கே நிறுத்திவிட வேண்டும். இரவிலும் 9 மணிக்குப் பிறகு, படுக்கப் போகும்முன் ஒருமுறை குடிக்கலாம். நள்ளிரவு 1 மணிக்கு மேல் கூடாது.

அவர் உறையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்துவிட்டு, “எனக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத்தானே எரியும்?” என்றார்.

நியாயமான கேள்வி. நான்கு மணிக்குக் குடித்தால் ஏழு மணி மாத்திரைக்கு மூன்று மணி நேரம்தான் மிச்சமிருக்கும், அது போதாது. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டோம். அந்த ஐந்து நாளுக்கு மட்டும் சிரப்புக்குப் பதிலாக, காலையில் வெறும் வயிற்றில் உலோகமில்லாத அமிலக் குறைப்பு மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். உறையில் எழுதியிருந்த சிரப் நேரங்களை அடித்துவிட்டு, 7 என்ற எண்ணை மட்டும் இரண்டு இடத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் ‘தண்ணீரில் மட்டும்’ என்று சேர்த்துக் கொடுத்தேன்.